கேட்கலையா? கேளுங்க!
(செட்டாப் பாக்ஸ் ஒலிக் கோளாறுகளும் கண்டுபிடிக்கும் வழிகளும்)



நம்ம மன்னவனூரில் டிவியில் ஒலி சரியாக வரவில்லை என்றால் உடனே என்ன சொல்வோம்? “மழைக்கு அப்படித்தான் இருக்கும்”, “மூடுபனி இறங்கிடுச்சு”, “பாக்ஸ் போச்சு, புதுசு வாங்கணும்”. இந்த மூன்றும் பெரும்பாலும் தப்பு. இதை நான் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தால்தான்.

அக்காவின் இரண்டு வாரம்

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தன. அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டுப் பக்கம் செல்போன் சிக்னல் நிலையாக நிற்காது. ஆகவே கல்வித் தொலைக்காட்சியில் வரும் பாடம்தான் அக்காவுக்கு வகுப்பறை. (கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது 2019 ஆகஸ்ட் 26-ல்.) தாத்தா உடம்பு சரியில்லாமல் அதே அறையில் படுத்திருந்ததால், அக்கா டிவியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள்.

நிகழ்ச்சி தொடங்கும்போது வரும் இசை நன்றாகக் கேட்கும். டீச்சர் பேச ஆரம்பித்ததும் ஒன்றும் கேட்காது! வாய் அசையும், கை அசையும், குரல் மட்டும் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். அக்கா போர்டில் எழுதுவதை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டாள். வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஏனென்றால் ராத்திரி அப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு நியூஸ் பார்க்கும்போது டிவி நன்றாகத்தான் கேட்கும். ஹெட்போனும் கெடவில்லை, இசை வருகிறதே! “உனக்குப் படிக்க மனசில்ல, அதான்” என்று அப்பா திட்டினார். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அக்கா பயந்துபோய், அதன்பிறகு யாரிடமும் சொல்லவே இல்லை. இப்படி இரண்டு வாரம் போயிற்று.

ஒரு நாள் பூண்டுத் தோட்டத்திலிருந்து வந்த சித்தப்பா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். டிவிக்குப் பின்னால் போய் பின்னைத் தடவிப் பார்த்தார். பின்னின் ரப்பர் உறை தடிமனாக இருந்ததால் டிவியின் விளிம்பில் இடித்துக்கொண்டு, பின் முழுசாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றிருந்தது. கத்தியால் ரப்பரைக் கொஞ்சம் சீவிவிட்டு அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டீச்சர் பேசினார்!

இசை மட்டும் வந்து குரல் ஏன் வரவில்லை? அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் முதலில் ஸ்டீரியோ என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

ஸ்டீரியோ: இரண்டு காதுக்கு இரண்டு தடம்

காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நம் இரண்டு காதுக்கும் நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். இடப்பக்கம் ஒரு மாடு கத்தினால் அந்த ஒலி இடது காதுக்கு முதலிலும், வலது காதுக்கு சுமார் 0.0006 வினாடி கழித்தும் வந்து சேரும். கொஞ்சம் சத்தமும் குறையும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூளை சொல்லிவிடும்.

இதையே கருவியில் செய்து காட்டுவதுதான் ஸ்டீரியோ. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் 1931-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இடதுக்கு ஒரு தடம், வலதுக்கு ஒரு தடம். ஒரே தடம் மட்டும் இருந்தால் அது மோனோ.

பாட்டில் புல்லாங்குழலை இடப்பக்கம் கூடுதலாகவும், தபேலாவை வலப்பக்கம் கூடுதலாகவும் வைப்பார்கள். ஆனால் பாடுகிறவரின் குரல் நடுவில் இருக்க வேண்டும். அதற்காக அதை இரண்டு தடத்திலும் சமமாக வைப்பார்கள். செய்தி, பாடம், பேச்சு எல்லாவற்றிலும் குரல் இப்படித்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்!

குரல் ஏன் மறைந்தது? ஒரு சின்னக் கணக்கு

ஹெட்போன் பின்னில் கறுப்புக் கோடுகள் பிரித்த மூன்று பாகம் இருக்கும். நுனி இடதுக்கு, நடு வளையம் வலதுக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. பின் முழுசாக உள்ளே போகாவிட்டாலோ, ஒயர் உள்ளே அறுந்துவிட்டாலோ பொது வழி அடைபட்டுப் போகலாம். அப்போது மின்சாரம் இடதுக்கும் வலதுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தால் மட்டும்தான் ஓட முடியும்.

இடது = குரல் 10 + புல்லாங்குழல் 4
வலது = குரல் 10 + தபேலா 6
இடது – வலது = புல்லாங்குழல் 4 – தபேலா 6

குரல் எங்கே? 10-லிருந்து 10 போய்ப் பூஜ்யம்! விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும்போது இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு நகராது அல்லவா, அது மாதிரிதான். பாடத்தில் டீச்சரின் குரல் இரண்டு தடத்திலும் ஒன்றே. ஆகவே அது போய்விட்டது. தொடக்க இசை இரண்டு தடத்திலும் வேறு வேறாக இருந்ததால் தப்பித்தது. அக்காவின் காதில் ஒரு கோளாறும் இல்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு அந்தப் பின் தேவையே இல்லை. அதனால்தான் அப்பாவுக்கு நியூஸ் நன்றாகக் கேட்டது.

இதிலிருந்து நான் கற்றது: எது காணாமல் போயிருக்கிறது என்று கவனித்தாலே, எங்கே காணாமல் போனது என்று தெரிந்துவிடும்.

ஒலி நடந்து வரும் பாதை

செயற்கைக்கோள் → டிஷ் → பாக்ஸ் → ஒயர் → டிவி அல்லது ஆம்ப்ளிஃபயர் → ஸ்பீக்கர் → காது. (கேபிள் இணைப்பு என்றால் டிஷ்ஷுக்குப் பதில் கேபிள்.)

டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, 93.5 டிகிரி கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் இருப்பது ஏறத்தாழ 77 டிகிரியில். ஆகவேதான் அந்த டிஷ்கள் தென்கிழக்கைப் பார்த்து நிற்கின்றன.

அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மூடுபனியின் துளிகள் தூசியைப் போல மிகப் பொடியானவை, ஆகவே அவை அந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மழைத்துளி அப்படியல்ல, சில மில்லிமீட்டர் பருமன். கனமழை அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். எனவே மழையைக் குற்றம் சொல்லலாம், மூடுபனி பாவம்!

மழையைக் குற்றம் சொல்வதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இப்போது வருவது டிஜிட்டல் ஒளிபரப்பு. முன்பு கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து ஆன்டெனாவில் பிடித்தபோது சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி, ஒலியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் என்று படிப்படியாகக் கெடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் போதுமானதாக இருந்தால் தெளிவாக வரும். போதாவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி ‘கட் கட்’ என்று விட்டுவிட்டு வரும், பிறகு இரண்டுமே நின்றுவிடும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையாவதோ, குரல் மட்டும் மறைவதோ மழையால் நடக்காது. படம் தெளிவாக இருந்து ஒலி மட்டும் கெட்டால் வானத்தைத் திட்டாதீர்கள். முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்.

வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

1. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது
பாக்ஸிலிருந்து வரும் மூன்று ஒயரில் மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. வலது ஸ்பீக்கர் ஊமை என்று வைத்துக்கொள்வோம். டிவி பக்கத்தில் மட்டும் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகுங்கள். இப்போதும் வலதே ஊமை என்றால் கோளாறு டிவியில் அல்லது ஸ்பீக்கரில். (முதலில் மெனுவில் ‘பேலன்ஸ்’ நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.) ஊமை இடதுக்கு மாறிவிட்டால் கோளாறு ஒயரில் அல்லது பாக்ஸில். ஒயரைப் பழையபடி செருகிவிட்டு, இப்போது பாக்ஸ் பக்கத்தில் மாற்றுங்கள். ஊமை இடம் மாறினால் பாக்ஸ், மாறாவிட்டால் ஒயர். ஒயருக்கு ஆகும் செலவு எங்கே, புது பாக்ஸுக்கு ஆகும் செலவு எங்கே!

பழைய டிவி சிலவற்றில் ஒலிக்கு ஒரே துளைதான் இருக்கும். வெள்ளையை மட்டும் செருகினால் வலது தடம் மொத்தமும் போச்சு. பாக்ஸ் மெனுவில் ‘மோனோ’ இருந்தால் அதை வையுங்கள். இரண்டும் கலந்து வரும்.

2. இசை வருகிறது, குரல் சன்னம்
அக்காவுக்கு வந்த வியாதி இதுதான். பின்னை முழுசாக அழுத்துங்கள், ஒயரை மாற்றிப் பாருங்கள். தனி ஸ்பீக்கர் என்றால் ஒயரின் சிவப்பு (+), கறுப்பு (–) இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். குரல் நடுவில் நிற்காது, அடித்தொனி பலவீனமாகிவிடும்.

3. ‘கர்ர்ர்’ என்ற இரைச்சல்
சின்ன பாக்ஸ்களில் ஒரே துளையில் செருகும் மூவண்ண ஒயர் இருக்கும். அந்தப் பின்னில் உள்ள வளையங்களின் வரிசை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. வேறு பாக்ஸின் ஒயரை மாட்டினால் மஞ்சளில் வர வேண்டிய படம் வெள்ளையில் வந்து இரைச்சலாகக் கேட்கும். அந்தந்த பாக்ஸுக்கு அதனதன் ஒயர்தான்.

4. எச்.டி. சேனலில் மட்டும் சத்தமே இல்லை
எச்.டி. சேனல்கள் சிலவற்றின் ஒலி டால்பி முறையில் சுருக்கி அனுப்பப்படுகிறது. பாக்ஸ் மெனுவில் ஒலி வெளியீடு ‘டால்பி’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருந்தால், பாக்ஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும். அதைப் பிரிக்கத் தெரியாத டிவி சும்மா இருந்துவிடும். மெனுவில் ‘பி.சி.எம்.’ என்று மாற்றினால் பாக்ஸே பிரித்துச் சாதாரண ஸ்டீரியோவாகக் கொடுக்கும். பாக்ஸ் ரிமோட்டில் சத்தம் கூடவோ குறையவோ மாட்டேன் என்றாலும் இதே காரணமாக இருக்கலாம். பொட்டலத்தைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைக் கூட்ட முடியாதே!

5. சண்டை காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை
சரவுண்ட் ஒலியை 5.1 என்பார்கள். முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று. பின்னால் அல்லது பக்கவாட்டில் இரண்டு. ஆக ஐந்து. அந்த ‘.1’ என்பது சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடி முழக்கம் போன்ற ஒலிக்கு மட்டும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான். வீட்டில் நடு ஸ்பீக்கர் இல்லாமல் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் பாக்ஸ் தடங்களை இரண்டாக மடிக்கும். நடுக் குரலை இரு பக்கமும் பங்கிடும். எல்லாம் ஒன்றாகச் சேர்வதால் வசனம் அமுங்கிவிடும். மெனுவில் ‘நைட் மோடு’ அல்லது ‘டி.ஆர்.சி.’ இருந்தால் போடுங்கள். அது பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்ன சத்தத்தை உயர்த்தும். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கரின் ஒயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

6. ஹோம் தியேட்டர் வாங்கியும் பின்னாலிருந்து ஒலி இல்லை
மூன்று கேள்வி கேளுங்கள். ஒயர் எது? சிவப்பு வெள்ளை ஒயரில் இரண்டு தடம்தான் போகும். 5.1 வேண்டுமென்றால் ஆப்டிகல், கோஆக்ஸியல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். மெனு எது? ஆப்டிகலிலும் கோஆக்ஸியலிலும் இதற்கு ‘டால்பி’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ வைக்க வேண்டும். (4-ஆவதற்கு நேர் எதிர்!) நிகழ்ச்சி எது? மோனோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின் ஸ்பீக்கர் பேசாது. அது கோளாறே இல்லை.

7. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்
படத்தை மெருகேற்ற டிவிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒலி வேறு வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் அது முந்திக்கொள்ளும். மெனுவில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்பதைக் கூட்டினால் குரல் காத்திருந்து வரும். குரல் பிந்தினால் அதைக் குறைக்க வேண்டும். ஒரே ஒரு சேனலில் மட்டும் இப்படி இருந்தால் அது அவர்கள் அனுப்புவதில் உள்ள குறை, நாம் ஒன்றும் செய்ய முடியாது.

பொது விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிச் செருகினால் சரியானாலும் ஏன் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் திண்டாட வேண்டியதுதான்.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
டால்பி என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்கரான ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் இந்தியாவில்தான் வேலை பார்த்தார். அதன்பிறகு 1965-ல் லண்டனில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். அவர் முதலில் செய்தது சரவுண்ட் ஒலி அல்ல. ஒலிப்பதிவு நாடாவில் வரும் ‘ஸ்ஸ்’ இரைச்சலைக் குறைக்கும் கருவி! டால்பி டிஜிட்டல் ஒலி திரையரங்குக்கு வந்தது 1992-ல். தமிழில் 1995-ல் வந்த ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வெளிவந்த படம். 2009-ல் நம் நாட்டு ரசூல் பூக்குட்டி ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் விருதே பெற்றார்.

!! எச்சரிக்கை !!
பாக்ஸையோ டிவியையோ கழற்றாதீர்கள். பழைய குண்டு டிவிக்குள் சுவிட்சை அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஒயரைப் பிடுங்கும் முன் சுவிட்சை அணையுங்கள். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடிக்கத் தொடங்கிய பிறகு தொடவே கூடாது. கூரை மேல் ஏறி டிஷ்ஷைத் திருப்புவது பெரியவர்கள் வேலை.

செய்து பாருங்கள்
ஒயர் ஹெட்போன் ஒன்றில் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டைப் போடுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பின்னை மெல்ல, மிக மெல்ல வெளியே இழுங்கள். ஒரு இடத்தில் பாடகர் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்கலாம். எல்லா ஹெட்போனிலும் அந்த இடம் எளிதில் பிடிபடாது, இரண்டு மூன்று முறை முயலுங்கள். பிடித்தவர்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

முடிவாக ஒன்று. அந்த இரண்டு வாரப் பாடத்தை அக்கா பிறகு தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அப்பாவும் “தப்பா திட்டிட்டேம்மா” என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் இந்தக் கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னபோது அக்கா சொன்னது இதுதான்: “ஒயர் கதையெல்லாம் எழுது, நல்லதுதான். ஆனா ஒரு பின் சரியா போகாததுக்கு நான் என் காதைச் சந்தேகப்பட்டேன் பாரு, அதையும் எழுது. முதல் நாளே சித்தப்பாகிட்ட கேட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.”

வகுப்பிலும் அப்படித்தானே? பின் பெஞ்சுக்குப் பாடம் கேட்காவிட்டால் நமக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்துவிடுகிறோம். ஒருவேளை ஜன்னல் வழியாக வரும் காற்றுச் சத்தமாக இருக்கலாம், ஒருவேளை இடம் மாறி உட்கார்ந்தாலே சரியாகலாம்.

கேட்கலைன்னா, கேளுங்க!



– பத்தாம் வகுப்பு மாணவன்